திரும்பிப் போகிறவருக்கு உரிய அளவு

வெளிநாட்டிலிருந்து வருகிற ஒருவர் தீர்வை கட்டாமல் என்னென்ன கொண்டுவரலாம் என்பதை நம் வயதுக்காரர்களில் பலர் பெருக்கல் வாய்ப்பாட்டோடு சேர்த்தே பாடமாக்கியிருந்தோம். உங்களுக்கும் நினைவிருக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் நம் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒருவராவது வெளியில் இருந்தார். யாருடைய மாமா எப்போது வருகிறார், வந்தவர் டியூட்டி ஃப்ரீ கடையில் எதை எடுத்தார், விமான நிலையத்தில் எதை மறித்தார்கள் என்பதெல்லாம், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த குட்டை மதிலில் குந்தியிருந்து நாம் பின்னேரங்களில் கதைத்த விஷயங்கள். இப்போது நம்மில் பாதிப் பேர் வெளியில். மீதிப் பேருக்கு முழங்கால் வலி. அந்த மதிலையும் இடித்துவிட்டார்கள்.

எனக்குப் பதினொரு வயது நடந்த வருடத்தைச் சொல்கிறேன். சண்டை தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவும் நானும் கொழும்புக்கு வந்து, ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இருந்தோம். கீழே வீட்டுக்கார அன்ரி. அப்பா வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பனியின் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தார். நாங்கள் அவரைக் கண்டு மூன்று வருடமாகியிருந்தது. என்னுடைய உயரத்தை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் மடித்து வைத்து அனுப்புவேன். அவர் திருப்பி அனுப்புகிற கடிதங்களில், நூலைத் தன் கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருப்பதாக எழுதுவார்.

அந்த வருடம் மாசியில் ஒரு கடிதம் வந்தது. மரப்பெட்டி ஒன்றைக் கப்பலில் போட்டிருக்கிறேன், பின்னால் நானும் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அடியில், சாயாத சின்ன எழுத்தில், பெட்டிக்குள் இருக்கும் சாமான்களின் பட்டியல். தையல் மெஷின் ஒன்று. நிற்கிற காற்றாடி ஒன்று. டேப் ரெக்கோடர் ஒன்று. கண்ணாடிக் கோப்பைகள் ஒரு செட். பெரிய பால்மா டின் நான்கு. கம்பளி இரண்டு. கடைசியாக, பிள்ளைக்குச் சில்லுச் சப்பாத்து ஒரு சோடி.

காலில் மாட்டி உருண்டோடுகிற, சக்கரம் வைத்த அந்தச் சப்பாத்தை நான் அதுவரை கண்ணால் கண்டதில்லை. மதிலில் இருந்தவர்களில் ஒருத்தி மட்டும் படத்தில் பார்த்திருந்தாள். நாலு சில்லா இரண்டு சில்லா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம்.

கப்பல் வந்து பெட்டி இறங்கிவிட்டது என்று துறைமுகத்திலிருந்து அறிவித்தல் வந்தபோது அப்பா இன்னும் வரவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அறிவித்தலை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, சுங்கக் களஞ்சியத்துக்குப் போனார். அம்மாவுக்குச் சிங்களம் வராது. எனக்கு வரும். ஒழுங்கையில் விளையாடப் போய்ப் படித்துக்கொண்ட சிங்களம்.

"நாங்கள் அவரின்ரை மனிசியும் பிள்ளையும் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

சொன்னேன். அங்கே இருந்த உத்தியோகத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பயணியோடு வராமல் கப்பலில் வருகிற சாமானை, பயணி வந்து தன் பாஸ்போட்டைக் காட்டினால்தான் விடமுடியும், மனைவி வந்தாலும் விடமுடியாது என்று பொறுமையாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அம்மா அறிவித்தலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேள்."

அதற்கு அவர் சம்மதித்தார். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நூறு பெட்டிகளுக்கு நடுவே எங்கள் பெட்டி இருந்தது. கறுப்பு மையில் அப்பாவின் பெயர். அம்மா வலைக்குள்ளால் இரண்டு விரலை விட்டு, எட்டிய எழுத்தைத் தொட்டார். கடைசி எழுத்து மட்டும்தான் எட்டியது. மூன்று வருடத்தில் அப்பாவின் கை பட்ட பெரிய சாமான் ஒன்றுக்கு அவ்வளவு கிட்டப் போனது அன்றைக்குத்தான்.

பங்குனியில் அப்பா வந்தார். வாசலில் நின்றவரை எனக்கு உடனே மட்டுக்கட்ட முடியவில்லை. காதோரம் நரைத்திருந்தது. முகம் வெயிலில் கறுத்து, கழுத்து மெலிந்திருந்தது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை. சட்டைப் பையிலிருந்து நான் கடைசியாக அனுப்பிய நூலை எடுத்து, ஒரு நுனியை என் தலையில் வைத்தார். மறுநுனி என் கணுக்காலடியில் நின்றுவிட்டது. "இவ்வளவும் எனக்குச் சொல்லாமல் வளந்திட்டீர் என்ன" என்றார். அதன் பிறகு நான் அவரை விடவேயில்லை.

கைப்பையில் இரண்டு சாராயப் போத்தல்கள் இருந்தன. அப்பா குடிக்கமாட்டார். "அளவுக்குள்ள விடுறாங்கள். கிடைக்கிறதை ஏன் விடவேணும் எண்டு வாங்கினனான்" என்று அம்மாவிடம் சமாதானம் சொன்னார். ஒன்றை அன்ரியின் கணவருக்குக் கொடுத்தார். மற்றது கொட்டாஞ்சேனையில் இருந்த அவருடைய பழைய சிநேகிதருக்கு. அவர் துறைமுகத்தில் மற்றவர்களுக்குச் சாமான் எடுத்துக்கொடுக்கிற தொழில் செய்தவர். நான் அவரைக் கிளியரிங் மாமா என்று கூப்பிட்டேன்.

இரண்டாம் நாள் அப்பாவின் மடியில் இருந்துகொண்டு, "இனி இங்கதானே அப்பா?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றார்.

அதை நான் ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெட்டி எடுக்கப் போன நாள் நல்ல வெயில். அம்மாவைக் களஞ்சியத்துக்கு வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு, அப்பாவும் கிளியரிங் மாமாவும் நானும் உள்ளே போனோம். நான் வரக்கூடாது என்று சொன்னார்கள். சில்லுச் சப்பாத்து என்னுடையது, நான் வராமல் எப்படி என்று நின்றுகொண்டேன்.

வரிசையில் நிற்கும்போது கிளியரிங் மாமா குரலைத் தணித்தார். "அண்ணே, நான் சொல்றத கேளுங்க. ஒரேயடியா வந்துட்டீங்களா, இல்ல லீவுல வந்தீங்களானு கேப்பாங்க. ஒரேயடியா வந்தவங்களுக்கு அளவு கூட. திரும்பிப் போறவங்களுக்குக் குறைவு. வந்துட்டேன்னு சொல்லிடுங்க. எல்லாச் சாமானும் தீர்வை இல்லாம வந்துரும்."

அப்பா சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்துக்கொண்டார். மாமா ஏன் இதைப் போய் இரகசியமாகச் சொல்கிறார், உண்மைதானே என்று நான் நினைத்தேன்.

பலகையை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தார்கள். மரத்தூள், புது ரப்பர், பாச்சை உருண்டை, இவற்றுக்குள்ளே அப்பாவின் தலையெண்ணெய் என்று ஒரு மணம் எழும்பி வந்தது. கோப்பைகளைச் சுற்றியிருந்த பத்திரிகைத் தாள்களில் அரபு எழுத்து. அன்றைக்கு எங்களைத் திருப்பி அனுப்பிய அதே உத்தியோகத்தர்தான் இருந்தார். அவர் என்னை அடையாளம் கண்டு லேசாகச் சிரித்தார். பட்டியலை விரல் வைத்து வாசித்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"ஆவாத, நெத்தம் ஆப்பஹு யனவாத?"

வந்துவிட்டீர்களா, இல்லை திரும்பிப் போகிறீர்களா.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் என்னை விட்டுப் போன காலத்தில் எனக்கு ஒரு சொல் சிங்களமும் தெரியாது. அந்த மூன்று வருடத்தில் நான் படித்துக்கொண்டதை யாரும் அவருக்கு எழுதியிருக்கவில்லை. உயரத்தை மட்டும்தான் அளந்து அனுப்பியிருந்தேன்.

"ஆப்பஹு யனவா" என்றார் அப்பா.

கிளியரிங் மாமா தலையைக் குனிந்துகொண்டார். உத்தியோகத்தர் பேனையை எடுத்தவர் கொஞ்சம் நிறுத்தி, எல்லாரும் வந்துவிட்டேன் என்றுதான் சொல்வார்கள், நீங்கள் உண்மையைச் சொல்கிறீர்கள், ஆனால் என்னால் அளவைக் கூட்டித் தரமுடியாது என்றார். பரவாயில்லை என்றார் அப்பா. நான் தரையில் கிடந்த ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் போகிறவருக்கு உரிய அளவுக்குள் எல்லாம் அடங்கவில்லை. தையல் மெஷினை விடுவதா, டேப் ரெக்கோடரை விடுவதா என்று கேட்டார்கள். மிஞ்சுவதற்குத் தீர்வை கட்டுகிற வசதி எங்களுக்கு இல்லை. அப்பா டேப் ரெக்கோடரைத் தூக்கி மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். வைத்த பிறகு அதன் கைபிடியைத் துணி மடிப்பதுபோல மெதுவாக மடித்துவிட்டார். திரும்பிப் போகிறவர் என்பதையும், விட்டவற்றையும் எடுத்தவற்றையும் பாஸ்போட்டின் ஒரு பக்கத்தில் எழுதி முத்திரை குத்தினார்கள்.

வெளியில் அம்மா எழும்பி வந்தார். "ஏன், ரெக்கோடரைக் காணேல்ல?"

"அளவு கூடிப்போச்சாம்" என்றார் அப்பா.

அம்மா என்னிடம் திரும்பி, "என்ன பிள்ளை கேட்டவங்கள் உள்ளுக்கு?" என்றார்.

"எத்தினை சாமான் எண்டு கேட்டவை" என்றேன்.

அப்பா அம்மாவுக்கும் மறைக்கிறார் என்று நான் நினைத்தேன். அம்மா அழக்கூடாது, ஆகையால் நானும் சொல்லக்கூடாது. ஒரு சின்ன லொறியில் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அம்மா தையல் மெஷினில் கை வைத்தபடி, பக்கத்தில் பாமன்கடையில் ஒரு வீடு பார்க்கலாம் என்று கதைத்துக்கொண்டு வந்தார். எங்கள் மூவருக்குமான வீடு என்று அம்மா நம்புகிறார் என நான் நினைத்தேன்.

சில்லுச் சப்பாத்துக்கு நாலு சில்லு. சிவப்புத் தோல், வெள்ளைக் கயிறு. அப்பா ஒழுங்கையில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக ஓடுவார். நான் அவரைப் பார்த்தபடி உருண்டுகொண்டு போவேன். மதிலில் இருந்த நீங்கள் உங்கள் முறைக்காகக் காத்திருந்தீர்கள். நான் சப்பாத்தைத் தரவில்லை என்று கோபித்தீர்கள். மூன்றாம் நாளே எனக்கு ஓடப் பழகிவிட்டது. பழகவில்லை என்று நடித்தேன். பழகிவிட்டால் அவர் கையை விட்டுவிடுவார்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் மதிலில் யாரோ சொன்னது: ஒருவருடைய சித்தப்பா பாஸ்போட்டைத் தொலைத்துவிட்டு, ஆறு மாதமாகப் போகமுடியாமல் இருக்கிறாராம். யார் சொன்னீர்கள் என்று இப்போது நினைவில்லை. சொன்னவர் இதை வாசித்தால் மனம் வருந்தவேண்டாம்.

அப்பாவின் பாஸ்போட் அலுமாரி லாச்சியில் இருந்தது. குசினித் தட்டில் வெறும் பால்மா டின் ஒன்று இருந்தது. அரிசி போட்டு வைக்கலாம் என்று அம்மா வைத்திருந்தார். ஒரு மத்தியானம் இருவரும் நித்திரையான நேரம் பாஸ்போட்டை எடுத்து டின்னுக்குள் நிறுத்தி மூடிவிட்டேன். இரண்டு நாள் யாரும் தேடவில்லை. அந்த இரண்டு நாளும் நான் இருந்த சந்தோஷம் பிறகு எந்த நாளிலும் வாய்க்கவில்லை. அவர் இனிப் போகமுடியாது. அவருக்கே அது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். "செக்கிங் வருது, எல்லாரும் கீழ வாங்கோ" என்று அன்ரி படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். அந்த மாதம் கொழும்பில் ஒரு குண்டு வெடித்திருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக, புதிதாக வந்து தங்குகிற தமிழ் ஆட்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். எங்கள் முற்றத்தில் இரண்டு பொலிஸ்காரரும் துவக்கோடு ஒரு ஆமிக்காரனும் நின்றார்கள்.

அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கி வந்தார். அடையாள அட்டை கேட்டார்கள். அவருடைய அட்டை யாழ்ப்பாணத்து வீட்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. அந்த வீட்டுக்கு யாரும் போகமுடியாத காலம். பாஸ்போட் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். லாச்சியை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மற்ற லாச்சி. பிறகு அம்மா ஓடிப்போய்ப் பெட்டிகளைக் கொட்டுகிற சத்தம். இளம் பொலிஸ்காரன் பின்னால் ஏறினான். நானும் ஏறினேன்.

"இங்கதான் வைச்சனான், இங்கதான்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். பொலிசில் வைத்து விசாரிக்கலாம் என்றார்கள்.

உங்களிடம் சொல்வதற்கு எனக்கு இப்போது வெட்கமில்லை. அந்த நேரத்திலும் நான் அசையவில்லை. ஜீப்பில் கொண்டுபோனாலும் கொழும்பில்தானே இருப்பார் என்று என் மனம் சொன்னது. விமானத்தை விட அது பக்கம். அப்படி ஏறிப் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அம்மா அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார். முதல் பொத்தானை இரண்டாவது துளையில் பூட்டிவிட்டு, அடுத்ததை அதற்கடுத்ததில் பூட்டினார். அம்மா ஒரு பொத்தானைப் பிழையாகப் பூட்டி நான் கண்டதேயில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

குசினிக்கு ஓடி டின்னோடு வந்தேன். மூடி வரவில்லை. பல்லால் இழுத்தேன். பாஸ்போட் பால்மா ஒட்டிக்கொண்டு வெள்ளையாக வந்தது.

ஏன் என்று யாரும் கேட்காமலே எல்லாரும் கீழே இறங்கினோம். கீழே நின்ற வயதான பொலிஸ்காரர் அதை வாங்கி, பக்கத்தை விரித்து மாவை ஊதினார். படத்தையும் அப்பாவையும் பார்த்தார். பிறகு சுங்கத்தில் எழுதிய பக்கத்தைப் பார்த்தார்.

"கவதாத யன்னே?" என்றார். எப்போது போகிறாய்.

"சிக்குராதா" என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை.

நான் அம்மாவைப் பார்த்தேன். சிங்களம் விளங்காவிட்டாலும் கிழமைகளின் பெயர் அம்மாவுக்குத் தெரியும். அம்மா உடைந்துபோவார் என்று நினைத்தேன். அம்மா தலையை மட்டும் ஆட்டினார். ஓம், வெள்ளிக்கிழமை என்பதுபோல. பிழையாகப் பூட்டிய பொத்தான்களைக் கழற்றி மறுபடி பூட்டத் தொடங்கினார்.

"யன ஏக்க ஹொந்தாய்" என்றார் வயதான பொலிஸ்காரர். போவது நல்லது. மிரட்டலாக அல்ல, வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, பாஸ்போட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து இருந்தார். கை இன்னும் வெள்ளையாக இருந்தது.

"உமக்குச் சிங்களம் விளங்கும் எண்டு எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லயே."

அவர் கையில் இருந்த மாவைச் சாரத்தில் துடைத்தார். பிறகு, "எனக்கும் போக விருப்பமில்லை, குஞ்சு" என்றார். அம்மா குசினியிலிருந்து பிட்டு ஆறுகிறது என்று கூப்பிட்டார்.

அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. திரும்பிப் போகச் சொன்னதே அம்மாதான். பிள்ளைக்குக் கடைசி நாள் வரை சொல்லவேண்டாம், இருக்கிற இரண்டு கிழமையாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று இருவரும் கடிதத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் எனக்கு மறைக்க, நான் அவர்களுக்கு மறைக்க, அந்த நாட்கள் போயின. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், ஆனால் டின்னைத் தேடிப் போயிருக்கமாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா போன பிறகு கடிதத்துக்குப் பதிலாகக் கசட்டில் பேசி அனுப்பத் தொடங்கினார். அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்தார்களாம். எங்களிடம் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. கீழே அன்ரியின் ஹோலில், அன்ரியும் கணவரும் வந்துபோகிறவர்களும் இருக்க, அப்பாவின் குரலைக் கேட்டோம். அது அவருக்கும் தெரியும். ஆகையால் கசட் முழுக்க எல்லாருக்கும் சுகம் விசாரித்தார். அம்மாவுக்கென்று தனியே ஒரு சொல்லும் அதில் இருந்ததில்லை. அம்மா கதிரையின் நுனியில் இருந்து, அவர் மூச்சு எடுக்கிற இடங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த வருடம், ஸ்டோரில் வேலையில் நிற்கும்போது நெஞ்சுவலி வந்து அப்பா இறந்துபோனார். அவரை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்கவேண்டாம் என்றார்கள். அவருடைய உடுப்புகளும் மற்றவையும் பின்னால் வந்தன. இறந்தவரின் உடைமைக்குத் தீர்வை இல்லையாம். கிளியரிங் மாமாவே போய் எடுத்து வந்தார்.

அம்மா சாகுமுன் ஒரு தடவை மட்டும் இதைப் பற்றிக் கதைத்தார். "இங்க நிண்டிருந்தா என்ரை கண்ணுக்கு முன்னால பிடிச்சுக்கொண்டு போயிருப்பாங்கள். எங்கையாவது உயிரோட இருக்கட்டும் எண்டுதான் அனுப்பினனான்" என்றார். அம்மா செய்தது பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. சரி என்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் வழியனுப்புகிறவர்களை விமான நிலையத்துக்குக் கிட்ட விடமாட்டார்கள். வெகுதூரத்துக்கு முன்பே, தெருவில் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். டிக்கெட் உள்ளவர் மட்டும் கயிற்றைத் தாண்டிப் போய், பயணிகளை ஏற்றுகிற பஸ்ஸில் ஏறவேண்டும். அப்பா தாண்டினார். அந்தப் பக்கம் நின்ற ஆமிக்காரன் சூட்கேசைத் திறக்கச் சொன்னான். தெருவில் முழந்தாளிட்டுத் திறந்தார். அம்மா இரவிரவாக அடுக்கிய மிளகாய்த்தூள் பார்சலும், துவாயில் சுற்றிய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலும், மடித்த சாரங்களும் வெளியே வந்தன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போகலாம் என்றான். ஆனால் மூடி பூட்டுப்படவில்லை. பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"அந்த மூலையை அமத்துங்கோ" என்றார் அம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று. அப்பா அமத்தினார். "அதில்லை. மற்ற மூலையை."

பூட்டு விழுந்தது. அப்பா எழும்பி, ஒரு கையில் சூட்கேசும் மறுகையில் கைப்பையுமாக ஓடினார். இரண்டு கையிலும் சாமான். கைகாட்ட முடியவில்லை. படியில் ஏறித் திரும்பித் தலையை மட்டும் ஒரு பக்கம் சரித்தார். பஸ் போய்விட்டது.

மூன்று வருடம் பிரிந்திருந்து, பதினான்கு நாள் சேர்ந்திருந்தவருக்கு அம்மா நேரில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்: மற்ற மூலையை. நான் அம்மாவின் கையைப் பிடிக்கத் திரும்பினேன். பஸ் வளைவில் மறைந்து கொஞ்ச நேரமாகியும் அம்மாவின் உள்ளங்கை கயிற்றுக்கு மேலே விரிந்தபடி, எதையோ அமத்திப் பிடித்துக்கொண்டே இருந்தது.